துருத்தியில் ஓட்டை இருக்கக் கூடாது: பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினை வீட்டில் பிரித்துக் கட்டப் போகிறவர்களுக்கு

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சித்தப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் அங்கே பதினோரு வருடம் மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தார்ப்பாய்க்குள் நின்றுகிடந்தது. அதை எடுத்துக் கட்டியபோது எதிலும் குறை வைத்ததாக நான் நினைக்கவில்லை. சிலிண்டர் பிளாக்கைப் போர் அடித்து, அதாவது அதன் உள்துளையைக் கடைந்து அகலமாக்கி, புது பிஸ்டன், புது ரிங், புது பேக்கிங் என்று எல்லாம் மாற்றினேன். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. ஒன்று மட்டும் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் உடனே தணியாமல், நாலைந்து நொடி உறுமிவிட்டுத்தான் இறங்கியது. புது பிஸ்டன், நல்ல கம்ப்ரஷன், அதனால்தான் இந்தத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பத்தாவது நாள் கிருஷ்ணகிரி போகும் வழியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கி நின்றது. பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துவிட்டது. ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை உருவிப் பார்த்தால் பிஸ்டனின் சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக உரிந்திருந்தது. காரணம் பிஸ்டனில் இல்லை, போரிலும் இல்லை. நான் தொட்டே பார்க்காத ஒரு ரப்பர் வளையத்தில் இருந்தது. பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டுக்குப் பின்னால், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆயில் சீல் அது.

இன்ஜினின் மேல்பாகத்தில் நடந்த நாசத்துக்குக் கீழே இருக்கும் ஒரு ரப்பர் வளையம் எப்படிக் காரணமாகும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பாதி புரிந்துவிட்டது என்று சொல்லலாம். அதனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு அதைப் பார்த்துவிடுவோம்.

இன்று ஓடுகிற ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் அறை ஆயில் தங்கும் இடம். கிராங்க் அங்கே ஆயிலில் நனைந்து சுற்றுகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்கு அந்த அறையில் வேலையே இல்லை. அது ஹெட்டில் உள்ள வால்வு வழியாக நேராக மேலே வந்து, எரிந்து, மேல் வழியாகவே வெளியேறிவிடும். நம் பழைய டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. அதன் கீழ் அறை கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி. துருத்தியை விரித்தால் காற்றை இழுக்கும், அமுக்கினால் உலைக்கு ஊதும். இங்கே துருத்தியை விரிப்பதும் அமுக்குவதும் பிஸ்டனின் அடிப்பக்கம். உலை, பிஸ்டனின் மேல்பக்கம்.

பிஸ்டன் மேலே ஏறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேலே இருக்கும் கலவை நசுங்குகிறது. அதே நேரத்தில் கீழ் அறை விரிவதால் அங்கே வெறுமை உண்டாகி, கார்புரேட்டர் வழியாகப் புதுக்கலவை கீழ் அறைக்குள் இழுக்கப்படுகிறது. உச்சியை எட்டும் தறுவாயில் பிளக் பொறி விடுகிறது. மேலே எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் இறங்க இறங்க, கீழ் அறையில் இருக்கும் புதுக்கலவை அமுங்குகிறது. முதலில் சிலிண்டர் சுவரில் உள்ள எக்ஸாஸ்ட் போர்ட் என்ற வாசல் திறந்து புகை வெளியே பாய்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் திறக்கின்றன. கீழே அமுங்கிக்கிடந்த கலவை அந்த வழியாக மேலே பீறிட்டு வந்து, மிச்சமிருக்கும் புகையையும் தள்ளிவிட்டுச் சிலிண்டரை நிரப்புகிறது. ஆக, பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினால் முழுச் சுற்றும் முடிந்தது. இரண்டு வீச்சில் வேலை முடிவதால்தான் டூ-ஸ்ட்ரோக் என்று பெயர்.

கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிப்பு. ஆர்எக்ஸ் 100 தன் முழு பலத்தைக் காட்டும் 7,500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 125 முறை எரிகிறது. அதே வேகத்தில் ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இதில் பாதிதான். ஐம்பது மி.மீ. அகலமும் ஐம்பது மி.மீ. வீச்சும் உள்ள 98 சிசி சிலிண்டரிலிருந்து 11 குதிரைத்திறன் வந்ததன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. 1985-லிருந்து 1996 வரை வந்த வண்டியை இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்றால் சும்மாவா?

இந்தத் துருத்தி யோசனை பழையது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜோசப் டே என்பவர் 1891-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய இன்ஜினில் கலவை உள்ளே வரும் வழியில் ஒரு தட்டு வால்வு இருந்தது. மறுவருடமே அவரிடம் வேலை பார்த்த ஃபிரெடரிக் காக் என்பவர், பிஸ்டனின் கீழ் விளிம்பையே கதவாக வைத்து அந்த வால்வையும் வேண்டாம் என்று எடுத்துவிட்டார். மைசூரில் செய்த யெஸ்டி இந்த இரண்டாவது முறைப்படி ஓடுவது. ஆர்எக்ஸ்ஸில் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்த ரீட் வால்வு உண்டு. முதல் யோசனையின் சொந்தக்காரன் என்று அதைச் சொல்லலாம். எந்த முறையானாலும் துருத்தி ஒன்றுதான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல் ஓசூரிலிருந்து வந்தது. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். பின்னால் இண்ட்-சுசுகி வண்டிகளும் அதே ஓசூரிலிருந்தே வந்தன. மாங்காய் மூட்டையும் புளி மூட்டையும் பால் கேனும் சுமந்தவை முக்கால்வாசி இந்தத் துருத்தி இன்ஜின்கள்தான். இன்றைக்கும் இங்கே எந்தக் கொட்டகையைத் திறந்தாலும் ஒன்று அகப்படும்.

சரி, சீலுக்கு வருவோம். கிராங்க் ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளும் கீழ் அறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆர்எக்ஸ்ஸில் இடதுபக்கம் மேக்னெட், வலதுபக்கம் கிளட்ச். சுற்றுகிற ஷாஃப்ட் வெளியே வரும் அந்த இரண்டு துளைகளையும் அடைத்துக்கொண்டிருப்பவை இரண்டு ஆயில் சீல்கள். பெயரில் ஆயில் இருந்தாலும் மேக்னெட் பக்கத்துச் சீலின் உண்மையான வேலை காற்றைத் தடுப்பது. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்து இறுகிப்போகும். ஓடாமல் இருந்ததால் தேய்ந்திருக்காது என்று நினைப்பது தவறு, நின்றதால்தான் கெட்டுப்போகிறது.

மேக்னெட் பக்கச் சீல் போனால் பிஸ்டன் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த இடுக்கு வழியாக வெறும் காற்று உள்ளே நுழையும். கார்புரேட்டர் பெட்ரோலைச் சரியான அளவில்தான் கொடுக்கிறது. ஆனால் கணக்கில் வராத காற்று சேர்ந்துவிடுவதால் கலவை நீர்த்துப்போகிறது. நீர்த்த கலவை சூடாக எரியும். ஆக்சிலரேட்டரை மூடினாலும் காற்று வேறு வழியில் வந்துகொண்டிருப்பதால் இன்ஜின் தணிய மறுக்கும். நான் துடிப்பு என்று நினைத்தது இதைத்தான். யெஸ்டி மாதிரி டேங்கிலேயே ஆயில் கலக்கும் வண்டி என்றால் கேடு இரண்டு மடங்கு. பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் போதாது. சூடும் கூடி, வழுக்கலும் குறைந்தால் பிஸ்டன் பிடிக்காமல் என்ன செய்யும்?

கிளட்ச் பக்கச் சீல் போனால் அடையாளம் வேறு. அந்தப் பக்கம் கியர் ஆயில் நிற்கிறது. பிஸ்டன் ஏறும்போது காற்றுக்குப் பதில் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு எரியும். சைலன்சரில் அடர்த்தியான புகை, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலான 2டி ஆயிலின் மணமில்லாத வேறொரு கருகல் நாற்றம், பிளக் ஈரமாகி அடிக்கடி அடைத்துக்கொள்வது, கசிவு எதுவும் இல்லாமலே கியர் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போவது எல்லாம் இதன் வேலை. இதைப் பார்த்துவிட்டு ரிங் போய்விட்டது என்று பிளாக்கைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

கீழ் அறையில் எழும் அழுத்தம் அதிகமில்லை; ஐந்தாறு பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். பைக் டயரில் அடைக்கும் காற்றில் ஏறக்குறையக் கால்பங்கு. அவ்வளவு மெல்லிய மூச்சை வைத்துக்கொண்டு வேலை செய்யும் துருத்தி என்பதால்தான் ஊசி நுழைகிற ஓட்டைகூட அதற்குப் பெரிய ஓட்டை. சீல் மட்டுமல்ல, பிளாக்குக்கு அடியில் இருக்கும் பேக்கிங், ரீட் வால்வு உட்காரும் இடம், கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் ரப்பர் குழாய், கீழ் அறையின் கூடான கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பு எல்லாமே துருத்தியின் தோல்தான். பழைய வண்டியில் அந்த ரப்பர் குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கோடு கோடாக வெடித்திருக்கும்.

இனி வேலைக்கு வரலாம். இன்ஜினை ஃப்ரேமிலிருந்து இறக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிப்பக்கம் முழுவதையும் முதலில் டீசலில் கழுவிக்கொள்ளுங்கள். மண்ணோடு பிரித்தால் மண் உள்ளேதான் போகும். ஸ்க்ரூக்களைக் கலந்துவிடாமல் இருக்கப் பழைய தினசரி காலண்டர் அட்டை நல்ல உதவி. கிளட்ச் கவரின் வடிவத்தை அட்டையில் வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடமோ அந்த இடத்தில் துளையிட்டுச் செருகிவிடுங்கள். நீளம் மாறிப்போன ஒரு ஸ்க்ரூ கேஸை உடைத்துவிடும் என்பது கட்டும்போதுதான் தெரியவரும். நட்டு, வாஷர், லாக் எல்லாவற்றுக்கும் முட்டை அட்டை போதும்.

இறுகிப்போன ஸ்க்ரூக்களுக்குச் சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். மேக்னெட்டைக் கழற்ற அந்த வண்டிக்கே உரிய புல்லர் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்து மேக்னெட்டைத் தட்டி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித் தட்டினால் கிராங்கின் நேர் கெடும். கிராங்கின் நேர் கெட்டால் புதுச் சீல்கூட அதைச் சுற்றி நிற்காது. கேஸ் இரண்டையும் பிரிக்கும்போது விளிம்புகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். ஒரு சிறு வடு விழுந்தாலும் அது காற்றுக்கு வழி.

அடுத்தது அளவெடுப்பு. இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். பிளாக்கின் உள்சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மேல்பகுதியிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒட்டியும் அதிகம் தேயும், அடியில் தேயவே தேயாது. போர் கேஜ் வைத்து அளப்பதுதான் முறை. ஆனால் அது எல்லோர் வீட்டிலும் இருக்காது. போர் கேஜ் இல்லாமல், ஒரு ரிங்கையும் இடுக்கு அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் வைத்தே தேய்மானத்தைக் கண்டுபிடிக்கலாம். பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான்.

ரிங்கை பிளாக்கின் அடிப்பக்கத்தில், ரிங் ஓடாத இடத்தில் வைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக உட்கார வையுங்கள். ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 0.25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே ரிங்கை மேல்பகுதியில் தேய்ந்த இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் அளங்கள். இப்போது 0.56 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். 0.31 கூடியிருக்கிறது. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல 3.14 மடங்கு அல்லவா? 0.31-ஐ 3.14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.10. அப்படியென்றால் அந்த இடத்தில் போர் 0.10 மி.மீ. அகன்றிருக்கிறது. சின்னக் காற்றுக்குளிர் இன்ஜினில் பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி பொதுவாக 0.04 மி.மீ. அளவுதான், நம் தலைமுடியின் தடிமன்கூட பெரும்பாலும் அதைவிட அதிகம். அதில் 0.10 கூடிவிட்டது என்றால் போர் அடித்தே ஆக வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகத்தை எப்பாடு பட்டாவது தேடிப் பிடியுங்கள்.

கிருஷ்ணகிரியில் நான் பிளாக்கை ஒயர் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போன லேத் பட்டறையில் வயதானவர் ஒருவர் இருந்தார். "அண்ணே, இதை 0.25 ஓவர்சைஸுக்கு அடிச்சுக் குடுங்க" என்றேன். பிளாக்கைக் கையில் வாங்கவே இல்லை. "பிஸ்டன் எங்க தம்பி? பிஸ்டனைக் கொண்டா, அப்புறம் அடிக்கலாம்" என்றார். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே இதுதான். பிஸ்டன்கள் 0.25, 0.50 மி.மீ. பெரியவை (ஓவர்சைஸ்) என்று பெயரளவில் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் நூலிழை வித்தியாசம் உண்டு. கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு மேல் 0.04 விட்டுத்தான் போர் அடிக்க வேண்டும். எண்ணை மட்டும் நம்பி அடித்தால் இறுக்கமாகவும் போகலாம், தொளதொளப்பாகவும் போகலாம். அலுமினிய பிஸ்டன் சூட்டில் இரும்பு லைனரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடைவெளி போதாவிட்டால் விரிய இடமில்லாமல் பிடித்துக்கொள்ளும்.

போர் அடித்து, உள்சுவரைத் தீட்டும் ஹோனிங் முடிந்து வந்த பிளாக்கில் போர்ட்டுகளின் விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி கூராக இருந்தால் அப்படியே போட்டுவிடாதீர்கள். ரிங் அந்த வாசலைக் கடக்கும்போது லேசாகத் துருத்திக்கொண்டு வெளியே வரும். கூர் விளிம்பு அதைப் பிடித்து உடைத்துவிடும். எமரிச் சீலையால் விளிம்பை மெல்ல மழுக்கினால் போதும். அதற்குமேல் ஆசைப்பட்டு போர்ட்டை ராவி உயர்த்துவது, அகலப்படுத்துவது எல்லாம் முதல் இன்ஜினில் வேண்டவே வேண்டாம். தொழிற்சாலை வைத்த உயரத்தில் ஒரு மி.மீ. மாறினாலும் வண்டியின் குணமே மாறிவிடும். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

கிராங்கைப் பார்க்கும் விதம் எளிது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை நேராக நிமிர்த்திப் பிடித்து, மேலும் கீழும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். துளிகூட ஆட்டம் தெரியக் கூடாது, டொக் என்ற சத்தம் வரக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் ராடு கிட் மாற்ற வேண்டும். இந்த வேலை வீட்டில் ஆகாது. கிராங்கைப் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புது ராடு கோத்து, மறுபடி அழுத்தி, டயல் கேஜ் வைத்து நேர் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வாங்கும்போது டயல் கேஜின் முள்ளை உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல கைக்காரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

பேரிங்குகளையும் சீல்களையும் மாற்றும் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. சுத்தியலால் அடித்து இறக்கினால் அலுமினியக் கேஸின் வாய் கெட்டுப்போகும். அதற்குப் பதில் கேஸைச் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைவிட இரண்டு மடங்கு விரியும் என்பதை இங்கே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஐம்பது மி.மீ. துளை 80 டிகிரி கூடுதல் சூட்டில் கிட்டத்தட்ட 0.09 மி.மீ. அகலும். பேரிங்கை இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்திருந்தால் அதுவும் சற்றுச் சுருங்கியிருக்கும். கேஸில் பெட்ரோல், டீசல் வாசனைகூட இல்லாமல் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே சூடாக்க வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. சூடு போதுமா என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தோசைக்கல்லில் விழுந்ததுபோல் சுர்ரென்று குதித்து மறைந்தால் சரி. அப்போது பேரிங்கைத் துளைக்கு நேராகப் பிடித்துவிட்டால் தன் எடையிலேயே டக்கென்று இறங்கி உட்காரும்.

கேஸ் ஆறிய பிறகு சீல். பழைய சீலை எடுப்பதற்கு முன்பே அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சீலின் உதட்டில் கொஞ்சம் 2டி ஆயில் தடவி, சீலின் வெளி அளவுக்குப் பொருந்தும் பிவிசி குழாய்த் துண்டை வைத்து மெல்லத் தட்டி இறக்குங்கள். கிராங்க் ஷாஃப்ட்டில் மேக்னெட்டை நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டை உட்காரும் பள்ளத்தின் ஓரம் கூர்மையானது. அதன்மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டுச் சீலைக் கடத்தினால் உதடு கிழியாது. பிறகு டேப்பை எடுத்துவிடலாம். மொத்தச் செலவில் சீல்கள்தான் ஆக மலிவான சாமான். அதில் டூப்ளிகேட் வாங்கி மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிஸ்டனைக் கோக்கும்போது தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் ஒரு சின்ன முளை இருக்கும். ரிங்கின் இரண்டு முனைகளும் அந்த முளையை அணைத்தபடி உட்கார வேண்டும்; முனை சுழன்று போர்ட் வாசலில் சிக்காமல் இருக்கத்தான் அந்த முளை. பிஸ்டனை ராடோடு கோக்கும் பின்னின் லாக்குகள் கண்டிப்பாகப் புதியவையாக இருக்க வேண்டும். அதைப் போடும்போது கீழ் அறையின் வாயை ஒரு சுத்தமான துணியால் மூடிக்கொள்ளுங்கள். லாக் ஒன்று துள்ளி உள்ளே விழுந்தால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

ஹெட் நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, இரண்டு மூன்று சுற்றில் டார்க் ரென்ச் வைத்து இறுக்கிவிட்டால் இன்ஜின் கட்டியாயிற்று என்று தோன்றும். ஃப்ரேமில் ஏற்றும் முன்பு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. நான் முதல்தடவை செய்யாமல் விட்டது இது. இதற்கு வேண்டிய கருவி வீட்டில் தாத்தா பாட்டிக்கு பிபி பார்க்க வைத்திருக்கும் பழைய காற்றுப்பை மீட்டர். கையில் கட்டும் பட்டையைக் கழற்றிவிட்டு, அமுக்கும் பந்தையும் வட்டமான முள் மீட்டரையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 300 என்று காட்டினால் அது ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ. கீழ் அறையின் அழுத்தம் இந்த அளவுதான் என்று மேலே சொன்னேன் அல்லவா?

எக்ஸாஸ்ட் போர்ட்டின்மேல் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பரை வைத்து, அதன்மேல் ஒரு தகட்டை வைத்து, சைலன்சருக்குப் போகும் பெண்டு பைப்பின் போல்ட்டுகளாலேயே இறுக்குங்கள். கார்புரேட்டர் உட்காரும் ரப்பர் குழாயில் ஒரு ரப்பர் அடைப்பானைச் செருகி, கிளிப்பால் இறுக்கி, அதன் நடுவே ஒரு துளை போட்டு மீட்டரின் குழாயை நுழையுங்கள். பிளக் மாட்டியிருக்கட்டும். ஆயில் பம்ப்பிலிருந்து வரும் குழாய் இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள். பிஸ்டனை அடியில் நிறுத்துங்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் திறந்து மேல் அறையும் கீழ் அறையும் ஒன்றாகிவிடும், ஹெட் பேக்கிங்கும் சேர்ந்து சோதனைக்கு வந்துவிடும். பந்தை மெதுவாக அமுக்கி முள்ளை 300-க்குக் கொண்டுவந்து, வால்வை மூடிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஆறு நிமிடம். நிமிடத்துக்கு 50-க்கு மேல் முள் இறங்கினால் எங்கேயோ ஓட்டை. நான் 50 வரை விடுவதில்லை. முள் நின்ற இடத்தில் நின்றால்தான் எனக்குத் திருப்தி.

இறங்கினால் சோப்பு நுரையை ஒரு பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு சந்தியிலும் தடவுங்கள். குமிழ் வரும் இடம் குற்றவாளி. மேக்னெட் பக்கச் சீலை நேராகவே பார்க்கலாம். கிளட்ச் பக்கச் சீல் கவருக்கு உள்ளே இருப்பதால் கியர் ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து அதன்மேல் நுரைப் படலம் ஒன்றை இழுத்துவிடுங்கள். படலம் உப்பினால் அந்தச் சீல்தான். நான் சித்தப்பா வண்டியை இரண்டாவது முறை கட்டியபோது முதலில் இருபது நொடியில் முள் சரிந்தது. சீல்கள் இரண்டும் புதியவை. நுரை தடவிப் பார்த்ததில் பிளாக்குக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கின் ஒரு மூலையில் குமிழ். பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒன்று கேஸின்மேல் ஒட்டிக்கிடந்ததை நான் சுரண்டாமல் விட்டிருந்தேன். அரைமணி நேர வேலையில் சரியாயிற்று. இதே ஓட்டை சாலையில் தெரிந்திருந்தால் இன்னொரு பிஸ்டன் போயிருக்கும்.

வண்டி கிளம்பியதும் முதல் நாள் நீண்ட தூரம் வேண்டாம். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கை வைக்கும் அளவுக்கு முழுக்க ஆறவிட்டு, மறுபடி பத்து நிமிடம். இப்படி நாலு முறை. முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதி ஆக்சிலரேட்டரைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி என்று பக்கத்து ஊர்களுக்கே போய்வரலாம். டேங்கில் கலக்கும் வண்டி என்றால் புத்தகம் சொல்லும் அளவைக் குறைக்க வேண்டாம். லிட்டருக்கு 40 மில்லி என்றால் அது 25-க்கு ஒன்று, லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50-க்கு ஒன்று. பழைய யெஸ்டிக்கும் பின்னால் வந்த வண்டிக்கும் ஒரே கணக்கு அல்ல.

தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாய் இறக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் இன்ஜின் திணறும், சூடாகும். அது எல்லோருக்கும் தெரிகிறது. டூ-ஸ்ட்ரோக்குக்கு இறக்கமும் ஆபத்து. கியரில் விட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு இறங்கினால் சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றவைக்கிறது. ஆனால் கார்புரேட்டர் மூடியிருப்பதால் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் சொட்டுத்தான் வருகிறது. பம்ப் வைத்த வண்டியிலும் ஆக்சிலரேட்டர் மூடினால் ஆயில் குறையும். வேகமாகச் சுற்றும் பிஸ்டனுக்கு வழுக்கல் இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் இறக்கத்தில் நடுநடுவே கிளட்ச்சைப் பிடித்து இரண்டு முறை ஆக்சிலரேட்டரை முறுக்கிவிடுவார்கள். இன்ஜினுக்கு ஆயில் ஊட்டும் வேலைதான் அது. வேகத்தை பிரேக்கால் அடக்கிக்கொண்டு நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஐந்நூறு முடிந்த அன்று இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்த்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. வெளுத்திருந்தால் கலவை நீர்த்திருக்கிறது, கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். சித்தப்பா சாவியை வாங்கி, கொட்டகை வாசலிலேயே ஒரு உதை விட்டு, இரண்டு முறை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தார். சத்தம் அந்த நொடியே அடங்கி டிங் டிங் டிங் என்று நின்றது.